கொலோனியா டுப்லானில் பிறந்த கொள்ளுப்பாட்டிக்கு அப்பா யார்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்கள் கணவரின் கொள்ளுப்பாட்டி 1908-ல் மெக்ஸிகோவின் சிவாவா மாநிலத்தில் கொலோனியா டுப்லான் என்ற ஊரில் பிறந்தவர். பெயரோ அசல் ஆங்கிலப் பெயர். கணவரின் டி.என்.ஏ. சோதனையிலும் மெக்ஸிகோவின் சாயல் இல்லை. மூத்த அண்ணன் 1903-ல் அதே ஊரில் பிறந்திருக்கிறார். 1920-ம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் இவர்கள் அரிசோனாவில் இருக்கிறார்கள், அம்மா 'விதவை'. கொள்ளுப்பாட்டியின் இறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஒன்று, ஃபேமிலிசெர்ச் தளத்தின் குடும்ப மரத்தில் வேறொன்று. "இவர்கள் யார், எங்கே தேடுவது?" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை ஊரைப் பற்றிய கேள்வி மேலுக்குத்தான். அந்த இரண்டு ஆண்களில் யார் அப்பா, குடும்பம் எதையாவது மறைத்ததா என்பதே நீங்கள் கேட்க வந்தது.

அரிசோனாவில் ஒரு பொது நூலகத்தின் வம்சாவளிப் பிரிவில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த மாதிரிக் குடும்பங்கள் இங்கே அதிகம் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். இந்தக் குடும்பங்கள் பெரும்பாலும் சேர்ந்திருந்தது, யூட்டாவை மையமாகக் கொண்ட மோர்மன் கிறிஸ்தவ சபையில். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்ல, மரபணு படித்தவனும் அல்ல. உங்கள் தாள்களை நேரில் பார்க்காமல் "இவர்தான் அப்பா" என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தாளை எவ்வளவு நம்பலாம் என்று சொல்ல முடியும்.

ஊரில் சந்தேகமே இல்லை. டுப்லான், மோர்மன்கள் வடக்கு மெக்ஸிகோவில் அமைத்த குடியிருப்புகளில் ஒன்று. 1908-ல் அங்கே ஆங்கிலப் பெயரோடு பிறந்த குழந்தை என்றால், அநேகமாக யூட்டாவிலிருந்தோ அரிசோனாவிலிருந்தோ போன மோர்மன் குடும்பத்தின் குழந்தைதான். உங்கள் கொள்ளுப்பாட்டிக்கு ஒரு வருடம் முன்னால், 1907-ல், அதே ஊரில் பிறந்தவர் ஜார்ஜ் ராம்னி. பின்னாளில் மிச்சிகன் மாநில ஆளுநரானவர். 1968 தேர்தலுக்காக அவர் களம் இறங்கியபோது, மெக்ஸிகோவில் பிறந்தவர் அமெரிக்க அதிபராகலாமா என்று பெரிய விவாதமே நடந்தது. ஆகவே டி.என்.ஏ. முடிவு வியப்பில்லை. மெக்ஸிகோ அவர்கள் பிறந்த மண், பூர்வீகம் அல்ல.

ஏன் போனார்கள் என்பது தெரியாவிட்டால் இந்தத் தாள்களைப் படிக்கவே முடியாது. அன்றைய மோர்மன் சபையில் பலதார மணம் மத நம்பிக்கையாகவே இருந்தது. 1882-ல் வந்த எட்மண்ட்ஸ் சட்டம் அதை வேரறுக்கப் பார்த்தது. திருமணம் நடந்ததை நிரூபிக்கக்கூட வேண்டாம், ஒன்றுக்கு மேற்பட்ட பெண்களோடு சேர்ந்து வாழ்வதே குற்றம் என்றது. 1887-ல் வந்த அடுத்த சட்டம் கணவனுக்கு எதிராக மனைவி சாட்சி சொல்லவும் வழி திறந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். மற்றவர்கள் ஒளிந்தார்கள். ஒரு பகுதியினர் 1885-லிருந்து எல்லை தாண்டி சிவாவாவில் குடியேறினார்கள். மெக்ஸிகோ சட்டத்திலும் பலதார மணத்துக்கு இடமில்லை. ஆனால் அதிபர் போர்ஃபிரியோ தியாஸின் அரசுக்கு வடக்கே உழுது பயிரிட ஆள் தேவைப்பட்டது, அதனால் கண்டும் காணாமல் விட்டது. நன்றிக்கடன் ஊர்ப்பெயர்களிலேயே தெரியும்: கொலோனியா தியாஸ் அதிபர் பெயர், டுப்லான் நிதி அமைச்சர் மனுவேல் டுப்லானின் பெயர், பச்சேகோ ஒரு தளபதியின் பெயர். கொலோனியா ஜுவாரெஸ், கார்சியா, சுயிசுபா, பக்கத்து சொனோரா மாநிலத்தில் ஒஹாக்கா, மொரேலோஸ் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். பத்திரங்களில் இந்தப் பெயர்கள் கண்டபடி எழுதப்பட்டிருக்கும், அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் விஷயத்துக்கு நேரடியாகத் தொடர்புள்ளது. 1890-ல் சபைத் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப், சட்டம் தடுக்கும் திருமணங்களை இனிச் செய்யவேண்டாம் என்று அறிவித்தார். பொதுவாக இதைத்தான் பலதார மணத்தின் முடிவாகச் சொல்வார்கள். நடைமுறையில் முடியவில்லை. மெக்ஸிகோ குடியிருப்புகளில் அதற்குப் பிறகும் புதிய இளைய தாரத் திருமணங்கள் ஓசையில்லாமல் நடந்தன. ஜுவாரெஸ் ஸ்டேக் என்ற சபை வட்டாரத்துக்கு 1895-ல் தலைவரான ஆன்டனி ஐவின்ஸ் அப்படிப்பட்ட திருமணங்களை நடத்தி வைத்தவர், தாம் மட்டும் ஒரே மனைவியோடு வாழ்ந்தவர். 1904-ல் அப்போதைய சபைத் தலைவர் ஜோசஃப் எஃப். ஸ்மித் இரண்டாவது அறிவிப்பை வெளியிட்டு, மீறுபவர்கள் நீக்கப்படலாம் என்று சொன்ன பிறகுதான் கதவு மெய்யாகவே மூடத் தொடங்கியது. மூத்த பிள்ளை 1903-ல் பிறந்திருக்கிறார் என்றால், பெற்றோரின் திருமணம் இந்த இரண்டு அறிவிப்புகளுக்கும் நடுவில் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அது இளைய தாரத் திருமணமாக இருந்தால், அமெரிக்க அரசிடமும் மறைக்கவேண்டும், சபையின் வெளிப்படையான ஏடுகளிலும் காட்டக்கூடாது. கொள்ளுப்பாட்டியின் அம்மா எந்தத் தவறும் செய்யாமலேயே காகிதத்தில் கணவனில்லாதவராக நிற்கவேண்டி வந்திருக்கும்.

'விதவை' என்ற சொல்லையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது இளைய தாரம் என்ன சொல்வார்? "கணவர் இருக்கிறார், தெருக்கோடியில் மூத்தாள் வீட்டில்" என்றா? விதவை என்று சொல்வது மரியாதையான பதில். கணவர் இருபது மைல் தள்ளி உயிரோடு இருக்க, விதவை என்று எழுதிக்கொண்ட பெண்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிஜமாகவே விதவையாகவும் இருந்திருக்கலாம். சந்தேகத்துக்குரிய இரண்டு ஆண்களையும் அதே 1920 கணக்கெடுப்பில் தேடுங்கள். அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ, அதே குடும்பப் பெயரில், இன்னொரு மனைவியோடு ஒருவர் கிடைத்தால் பாதி விடை வந்துவிட்டது. அந்தப் படிவத்தில் பிறந்த இடம் மெக்ஸிகோ என்பதற்குப் பக்கத்தில் 'ஆம் சிட்' என்று ஒரு குறிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வெளிநாட்டில் பிறந்த அமெரிக்கக் குடிமக்களுக்கான குறி அது. இல்லாவிட்டால் பதற வேண்டாம், பாதிக் கணக்கெடுப்பாளர்கள் அதை எழுத மறந்துவிடுவார்கள். 1910 கணக்கெடுப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், அப்போது குடும்பம் எல்லைக்கு அப்பால் இருந்தது. பெற்றோரின் இளமைக்காலத்தைப் பிடித்துத் தரவேண்டிய 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தோடு போய்விட்டது.

அப்பா பெயர் இரண்டாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வெளியாட்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. மோர்மன் கோயில்களில் கணவன் மனைவியை இம்மைக்கு மட்டுமல்லாமல் மறுமைக்கும் சேர்த்து இணைக்கும் சடங்கு உண்டு, 'சீலிங்' என்பார்கள். ஒரு பெண் முதல் கணவரோடு அப்படி இணைக்கப்பட்டு, அவர் இறந்து, இரண்டாவதாக ஒருவரை இம்மைக்கு மட்டும் மணந்தால், இரண்டாமவருக்குப் பிறந்த பிள்ளைகளும் மறுமைக் கணக்கில் முதல் கணவரின் பிள்ளைகளாகவே எழுதப்படுவார்கள். சபையின் பார்வையில் அதில் பொய் எதுவும் இல்லை. அந்த ஏடு பேசுவது வேறு உறவைப் பற்றி. ஆனால் அந்தத் தாளை மட்டும் பார்த்து மரம் வரைபவர், பிள்ளை பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவரை அப்பாவாக்கிவிடுவார். உங்கள் மரத்தில் இருக்கும் ஆள் 1908-க்கு முன்பே இறந்தவரா என்று முதலில் பாருங்கள். இன்னும் பின்னால் போனால் வேறொரு சிக்கலும் வரும்: 1894 வரை சிலர் தங்கள் சொந்தப் பெற்றோருக்குப் பதிலாகச் சபைத் தலைவர்களுக்கு 'பிள்ளைகளாக' இணைக்கப்பட்டார்கள். அந்த வருடம் உட்ரஃப் அதை நிறுத்தி, அவரவர் சொந்த முன்னோரைத் தேடச் சொன்னார். யூட்டா வம்சாவளிச் சங்கம் தொடங்கியதும் அதே 1894-ல்தான். இன்றைய ஃபேமிலிசெர்ச் அந்தச் சங்கத்தின் வழிவந்தது. ஹரித்வார் பண்டாக்களின், அதாவது அங்குள்ள தீர்த்தப் புரோகிதர்களின், வம்சாவளி ஏடுகளைப் படச்சுருளில் பதிவு செய்ததும் இவர்கள்தான் என்றால் நம் ஊர்க்காரர்கள் நம்புவதில்லை.

அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபேமிலிசெர்ச்சில் இருப்பது உலகத்துக்கே பொதுவான ஒற்றை மரம். கணக்கு வைத்திருக்கும் யாரும் இறந்தவர்களின் விவரத்தை மாற்றலாம். அதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொடுக்கி, அடியில் எந்த ஆவணம் இணைக்கப்பட்டிருக்கிறது, யார் எப்போது மாற்றினார்கள் என்று பாருங்கள். ஆவணம் எதுவும் இல்லாமல் அப்பா பெயர் மட்டும் நின்றால் அது யாரோ ஒருவரின் யூகம். இறப்புச் சான்றிதழுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதில் அப்பா பெயரைச் சொன்னவர் துக்க வீட்டில் உட்கார்ந்திருந்த மகனோ மருமகளோ, பிறப்பின்போது உடன் இருந்தவர் அல்ல. தகவல் தந்தவர் யார் என்பது அதே தாளில் இருக்கும், பாருங்கள்.

சரி, எதை நம்பலாம்? என் அனுபவத்தில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது 1914-ல் சபை எடுத்த குடும்பக் கணக்கெடுப்பு அட்டை. 1912 ஜூலை கடைசியில் மெக்ஸிகோ புரட்சிக்காரர்கள் குடியிருப்புகளிடம் துப்பாக்கிகளைக் கேட்டு மிரட்ட, பெண்களும் குழந்தைகளும் ரயிலில் எல் பாஸோவுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே ஒரு மரக்கிடங்கிலும் கூடாரங்களிலும் தங்கினார்கள். ஆண்கள் சில நாள் கழித்துக் குதிரைகளில் எல்லை தாண்டினார்கள். சிலர் பின்னர் ஜுவாரெஸுக்கும் டுப்லானுக்கும் திரும்பினார்கள், பலர் அரிசோனாவிலும் யூட்டாவிலும் நிலைத்துவிட்டார்கள். ஓடிவந்து இரண்டே வருடத்தில் எடுக்கப்பட்டது இந்த அட்டை. கொள்ளுப்பாட்டிக்கு அப்போது ஆறு வயது. குடும்பத்தை நேரில் அறிந்த உள்ளூர் ஆட்கள் எழுதியது அது. அடுத்தது ஞானஸ்நானப் பதிவு. மோர்மன் குழந்தைகளுக்கு எட்டு வயதில் ஞானஸ்நானம், அதாவது இவருக்கு 1916 வாக்கில், அநேகமாக அரிசோனாவில். அவர்கள் இருந்த 'வார்டு' எனப்படும் உள்ளூர்ச் சபையின் உறுப்பினர் ஏட்டில் பிறந்த தேதி, இடம், அப்பா, அம்மா எல்லாம் இருக்கும். டுப்லான் வார்டின் ஏட்டில் கைக்குழந்தையாக ஆசி பெற்ற வரியும் இருக்கலாம். இந்த ஏடுகளை சால்ட் லேக் சிட்டியில் உள்ள ஃபேமிலிசெர்ச் நூலகம் வழியாகவும் சபையின் வரலாற்று நூலகம் வழியாகவும் கேட்கலாம். சிலவற்றை வீட்டுக் கணினியில் திறக்க முடியாது, பக்கத்தில் இருக்கும் குடும்ப வரலாற்று மையத்துக்குப் போய்த் திறக்கவேண்டும். உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. யாரும் உங்களை மதம் மாற்ற உட்காரவைக்க மாட்டார்கள், இதையும் பலர் என்னிடம் கேட்பதால் சொல்கிறேன்.

மெக்ஸிகோ அரசின் சிவில் பதிவேட்டையும் விடாதீர்கள். குடியேறிகள் எல்லோரும் பிறப்பைப் பதிந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பதிந்திருந்தால் அது புதையல். மெக்ஸிகோ பிறப்புப் பதிவில் பெற்றோரோடு தாத்தா பாட்டிகளின் பெயரையும் எழுதும் வழக்கம் உண்டு. நியூவோ காஸாஸ் கிராண்டெஸ் அப்போது தனி நகராட்சியாக இல்லை, ஆகவே காஸாஸ் கிராண்டெஸ் என்ற தலைப்பில் தேடுங்கள். பெயர்கள் ஸ்பானிஷில் உருமாறியிருக்கும்: ஜார்ஜ் 'ஹோர்ஹே' ஆவார், வில்லியம் 'கியேர்மோ' ஆவார். அப்பாவின் குடும்பப் பெயரையடுத்து அம்மாவின் குடும்பப் பெயரும் வரும். இனிஷியலில் அப்பாவை மட்டும் வைத்திருக்கும் நமக்கு இது புதிது, ஆனால் தேடுபவருக்கு வரம். குழந்தை 'லெஹித்திமா' என்றால் சட்டப்படி மணந்த பெற்றோருக்குப் பிறந்தது, 'நாச்சுரால்' என்றால் அப்படியல்ல. இரண்டாவது சொல்லைப் பார்த்தால் வீட்டில் பெரிதாக்க வேண்டாம், இளைய தாரத்தின் பிள்ளையை அந்தச் சட்டம் 'லெஹித்திமா' என்று ஏற்காது.

அமெரிக்கப் பக்கம் ஒரு தாள் நேரடியாகக் கேட்டு வாங்கக்கூடியது. கொள்ளுப்பாட்டி சோஷியல் செக்யூரிட்டி எண் (அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு எண்) வாங்கியிருந்தால், அதற்கான எஸ்.எஸ்.-5 விண்ணப்பத்தில் அப்பா பெயரையும் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் அவரே நிரப்பியிருப்பார். தன் அப்பா யார் என்று அவர் நம்பினார் என்பதற்கு அதைவிட நேரான சாட்சி இல்லை. நம்பியது வேறு, நடந்தது வேறாக இருக்கலாம். ஆனாலும் மருமகள் சொன்னதைவிட இது ஒரு படி மேல். அப்புறம், புரட்சியில் இழந்த வீடு, நிலம், மாடுகளுக்காக அமெரிக்கர்கள் தாக்கல் செய்த இழப்பீட்டு மனுக்கள். 1923-ல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தத்தின்படி 1910 முதல் 1920 வரையிலான இழப்புகளுக்குத் தனி ஆணையம் அமைந்தது. அதன் கோப்புகள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்த இரண்டு ஆண்களில் யாராவது மனு போட்டிருந்தால், டுப்லானில் அவருக்கு எத்தனை வீடு என்பது தெரியவரும். ஒருவருக்கு இரண்டு வீடு இருந்தால் ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

டி.என்.ஏ. விஷயத்தில் ஒரு யோசனை. கணவரைச் சோதித்தது போதாது. அவருடைய பாட்டிக்கு 91 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சம்மதித்தால் அவருடைய மாதிரியை எடுங்கள், இதில் தாமதிக்காதீர்கள். தலைமுறை ஒவ்வொன்றும் தடயத்தைப் பாதியாக்கும். சந்தேகத்துக்குரிய ஆணின் மூத்த தாரத்துப் பேரன் பேத்திகள் யாராவது சோதனை நிறுவனம் தரும் உறவினர் பொருத்தப் பட்டியலில் இருக்கிறார்களா என்று தேடுங்கள். அவர் மெய்யாகவே அப்பாவாக இருந்தால், பாட்டிக்கும் அவர்களுக்கும் உறவு தாத்தா ஒன்று, பாட்டி வேறு என்று வரும். சராசரி 450 சென்டிமார்கன் (இருவரும் பகிரும் டி.என்.ஏ.வை அளக்கும் அலகு) அளவில் பொருந்தவேண்டும், தாத்தா பாட்டி இருவரும் ஒன்றென்றால் 870 வாக்கில். இவை சராசரிகள்தான், மேலும் கீழும் நிறைய ஆடும். வேறு உறவுகளும் இதே அளவில் வரும். இன்னொரு பொறியும் உண்டு: அக்கா தங்கையரையே ஒருவர் மணப்பது அந்தச் சமூகத்தில் அபூர்வமில்லை. இரு மனைவியரும் உடன்பிறந்தவர்கள் என்றால், அப்பா வேறாக இருந்தாலும் அம்மா வழியிலேயே 230 வாக்கில் பொருந்தும், அப்பாவும் ஒருவரே என்றால் 680-ஐ ஒட்டி எகிறும். போதாததற்கு, சில நூறு குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த ஊர்கள் அவை. மாமன் மகள் அத்தை மகன் கல்யாணங்கள் நிறைந்த நம் குடும்பங்களில் எண் எப்படிக் கூடுதலாகக் காட்டுமோ, அங்கேயும் காட்டும். ஆகவே டி.என்.ஏ.வை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முன்னொரு காலத்தில் நான் அப்படி ஒரு குடும்பத்துக்கு அப்பாவின் தம்பியை அப்பாவாக்கி, இரண்டு வருடம் கழித்து வார்டு ஏட்டைப் பார்த்துத் தலையைத் தொங்கப்போட்டேன்.

இணையத்தில் தேடும்போது கொலோனியா லெபரோன் என்ற பெயரும், 2019 நவம்பரில் பெண்களும் குழந்தைகளுமாக ஒன்பது பேர் கொல்லப்பட்ட செய்தியும் முன்னால் வந்து நிற்கும். அதை உங்கள் குடும்பத்தோடு சேர்க்காதீர்கள். லெபரோன் 1920-களில் உருவானது, சபை கைவிட்ட பலதார மணத்தைப் பிடித்துக்கொண்டு பிரிந்தவர்களின் ஊர். உங்கள் கொள்ளுப்பாட்டியின் குடும்பம் 1920-லேயே அரிசோனாவில் இருந்திருக்கிறது. இன்னொருவர் உங்கள் கேள்விக்குக் கீழே கனடாவின் கார்ட்ஸ்டனைச் சொல்லியிருந்தார். அது 1887-ல் சார்லஸ் ஓரா கார்ட் அமைத்த மோர்மன் ஊர். அங்கே போனவர்கள் பொதுவாக ஒரு மனைவியை மட்டும் அழைத்துப் போய், மற்றவரை யூட்டாவிலேயே விட்டார்கள். அங்கிருந்த குடும்பம் என்றால் இரண்டு நாட்டிலும் தேடவேண்டியிருக்கும். உங்களுக்கு அது தேவைப்படாது.

எஸ்.எஸ்.-5 வந்து சேர நாளாகும் என்பதால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். நடுவில் பாட்டியிடம் போய் உட்காருங்கள். "உங்கள் தாத்தாவுக்கு எத்தனை மனைவி?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்வார். சிறுவயதில் வீட்டுக்கு யார் யார் வருவார்கள், யாருடைய சாவுக்கு அம்மா அழுதார், யாரை 'ஆண்ட்டி' என்று கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அந்தக் குடும்பங்களில் அப்பாவின் மற்ற மனைவியைப் பிள்ளைகள் 'ஆண்ட்டி' என்று பெயரோடு சேர்த்துத்தான் அழைப்பார்கள், நம் வீடுகளில் பெரியம்மா, சின்னம்மா என்பது போல. அம்மாவின் உடன்பிறந்தாளாகவும் இல்லாமல், அப்பாவின் உடன்பிறந்தாளாகவும் இல்லாமல் ஒரு 'ஆண்ட்டி' பேச்சில் வந்தால் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, 1920 கணக்கெடுப்பில் அவருடைய கணவர் யார் என்று பாருங்கள். கிடைத்ததை இங்கேயே எழுதுங்கள், வார்டு ஏட்டை எங்கே திறக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.